பாகூர்ப் பெண்களின் முழங்கால்

பாகூர்ப் பக்கம் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம் நெல் விளைந்த பூமி. சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணையிலிருந்து பிரிகிற பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரியை நிரப்பும். ஏரித் தண்ணீர் வயலுக்குப் போகும். வயல் புதுச்சேரிக்கே சோறு போடும். இந்த ஊர்ச் செப்பேடு ஒன்று பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தது. இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களை விட்டுக்கொடுத்ததை அது சொல்கிறது. மூலநாதர் கோயில் சுவரெல்லாம் சோழர் கல்வெட்டு. யார் நிலம் கொடுத்தார், யார் விளக்கு வைத்தார் என்று எல்லாம் பதிவாகியிருக்கிறது. சேற்றில் கால் புதைய நின்று, இடுப்பை மடித்து, நாற்றுமுடியைப் பிரித்துப் பிரித்து நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்த பெண்களைப் பற்றி எங்கும் ஒரு வரி இல்லை. நாற்பது வயதில் அவர்களுடைய முழங்கால் என்ன ஆயிற்று என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

நான் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் கிராம நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போன காலத்தில் பிள்ளைக்கு ஊசி போடத்தான் போவேன். ஊசி போட்டு முடித்ததும் அந்தப் பிள்ளையின் ஆயா திண்ணையிலிருந்து கூப்பிடும். "நர்சம்மா, அப்படியே இந்த முட்டியையும் கொஞ்சம் பாத்துட்டுப் போ." என்ன செய்கிறது என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "வாதம்தான், வேற என்னா. வயசானா வரத்தானே செய்யும்." சொன்ன ஆயாவுக்குச் சில வீடுகளில் நாற்பத்தைந்து வயதுகூட இருக்காது. பதினாறு வயதில் கல்யாணம், முப்பத்தாறில் பேரப்பிள்ளை.

வாதம் என்று அவர்கள் காட்டிய மூட்டுகளில் வேறு வேறு நோய்கள் இருந்தன. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு ஆகாது. ஒன்றில் பத்து வருடம் பொறுத்தாலும் பெரிய மோசமில்லை, இன்னொன்றில் ஆறு மாதம் பொறுத்தால் விரல் கோணிவிடும். இது எங்கள் ஊருக்குத் தெரிந்து வந்த கதையைத்தான் எழுதுகிறேன். வைத்தியம் இல்லாத ஊராக இது எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பதால் இந்தக் கதை என்னை அதிகமாக உறுத்துகிறது.

முதலில் வீட்டு வைத்தியம். என் ஆயா விளக்கெண்ணெயில் பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக முழங்காலில் தேய்ப்பாள். நொச்சித் தழையைக் கொதிக்கவைத்து வேது பிடிப்பாள். உப்பையும் தவிட்டையும் வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றடம். அடை மாவில் முடக்கத்தான் கீரை. வாதநாராயணன் இலையை வதக்கிக் கட்டுவது, பிரண்டைத் துவையல், கூடவே பத்தியம்: வாழைக்காய் ஆகாது, உருளைக்கிழங்கு ஆகாது, புளியைக் குறை. இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடும் ஆள் நான் இல்லை. சூடு தசையை இளக்கும், தேய்த்துவிடும் கை வலியைக் குறைக்கும். இதன் வயதும் சின்ன வயதல்ல. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் அந்தக் கோயிலைச் சேர்ந்து நடந்த ஆதுலர்சாலையில் 15 படுக்கைகள். ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள். அவர்களுக்கு எவ்வளவு நெல் கூலி என்பதுவரை வெட்டியிருக்கிறார்கள். இருப்பில் வைத்திருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் பூண்டும் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்த தைலமும் ஒன்று. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய மருந்துச் சீட்டும் என் ஆயாவின் இரும்புக் கரண்டியும் ஒரே எண்ணெயைக் காய்ச்சியிருக்கின்றன. நோயாளிக்குப் பக்கத்தில் நின்ற பெண்களையும் கணக்கில் எழுதிய அந்தக் கல்வெட்டின் மேல் ஒரு நர்ஸ் என்ற முறையில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

சித்த வைத்தியர்கள் வாதத்தை ஒரே நோயாக நினைத்ததும் இல்லை. எண்பது வகை வாதம் என்று பிரித்தார்கள். கீல்வாயுவில் அழல் கீல்வாயு வேறு, வாத சுரோணிதம் வேறு. ஏறக்குறைய முன்னது தேய்மானம், பின்னது ரத்தத்தோடு சேர்ந்த அழற்சி என்று இன்றைய சித்த மருத்துவர்கள் பொருத்திப் பார்க்கிறார்கள். படித்த வைத்தியருக்கு இருந்த இந்த வேறுபாடு திண்ணைக்கு வந்து சேரும்போது உதிர்ந்துபோயிருந்தது.

இப்போது கொஞ்சம் பாரிஸ் பக்கம் போக வேண்டும். நம்மை ஆண்டவர்களின் ஊர்தானே. அங்கே சால்பெத்ரியேர் என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஏழைப் பெண்கள், ஆதரவற்ற கிழவிகள் கிடந்த இடம். லாந்த்ரே-போவே என்ற இளம் மருத்துவர் அங்கே ஒன்பது பெண்களின் மூட்டுகளைக் கூர்ந்து பார்த்து 1800இல் தன் பட்டத்துக்கான ஆய்வை எழுதினார். அதுவரை ஐரோப்பிய வைத்தியப் புத்தகங்களில் மூட்டு நோய் என்றால் பெரும்பாலும் கவுட். கறியும் மதுவுமாக வாழ்ந்த சீமான்களின் கால் கட்டைவிரல் வீங்குகிற நோய். இந்தப் பெண்களுக்கு வந்திருப்பது அது இல்லை, இது பல மூட்டுகளில் வருகிறது, நாள்பட்டுக் கிடக்கிறது, உடம்பையே வற்றவைக்கிறது, ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் என்று அவர் எழுதினார். இன்று ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், நம் பேச்சில் முடக்குவாதம் என்கிற நோய்க்கு நவீன மருத்துவத்தில் முதல் விவரணை அதுதான் என்று கருதப்படுகிறது. ஏழைப் பெண்களின் வலியை யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்த்ததால் ஒரு நோய் அடையாளம் காணப்பட்டது. எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை அதிகம். அதற்குப் பின் 59 வருடம் கழித்து லண்டனில் கேரட் என்ற மருத்துவர் ருமட்டாய்டு என்ற பெயரைக் கொடுத்தார். கவுட்டுக்குக் காரணம் ரத்தத்தில் ஏறுகிற யூரிக் அமிலம் என்று காட்டியவரும் அவர்தான்.

1800இல் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இல்லை. 1793இல் ஆங்கிலேயர் பிடித்தது 1816இல்தான் திரும்பியது. திரும்பி ஏழே வருடத்தில், 1823இல், புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கியது. சென்னையில் மருத்துவக் கல்லூரிக்கு வித்திட்ட பள்ளி 1835இல்தான் வந்தது. அப்படியென்றால் பாகூரிலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தொலைவில், வில்லியனூரிலிருந்து அதில் பாதித் தொலைவில், இருநூறு வருடமாக ஐரோப்பிய மருத்துவம் கற்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. வில்லியனூர் வழியாக 1879இல் விழுப்புரத்துக்கு ரயிலும் போனது. 1880இல் பிரெஞ்சு அரசு கொம்யூன்களை அமைத்து மேயர்களையும் தேர்ந்தெடுக்க வைத்தது.

ஆனால் முழங்கால் வலிக்கு வண்டி கட்டியவர் உண்டா? பாம்புக் கடி, சிக்கலான பிரசவம், காலரா இதற்குத்தான் பெரியாஸ்பத்திரி. வலி என்பது நோய்க் கணக்கிலேயே வராது. கூலிக்குப் போகும் பெண் ஒரு நாள் நகரத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. மிதமிஞ்சிப் போனால் வில்லியனூர் மாதா கோயிலுக்கு நேர்ந்துகொள்வார்கள். பிரான்சின் லூர்து மாதா பெயரில் 1877இல் எழுந்த கோயில் அது. குளத்துத் தண்ணீரை முழங்காலில் தடவிக்கொள்ளும் இந்துப் பெண்களையும் கிறிஸ்தவப் பெண்களையும் நான் சேர்த்தே பார்த்திருக்கிறேன். திருக்காமீசுவரர் கோயில் தேருக்குப் பிரெஞ்சு கவர்னரே வந்து வடம் தொட்ட ஊர் வில்லியனூர், இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வருகிறார். அந்தத் தேரைப் பார்க்க வீதி முனைவரை நடக்க முடியாமல் போனதைத்தான் கிழவிகள் என்னிடம் பெரிய குறையாகச் சொல்வார்கள். சோறு வடிக்க முடியவில்லை என்பதை இரண்டாவதாகத்தான் சொல்வார்கள்.

எங்கள் தெருவில் இந்தோசீனாவில் சண்டை போட்டுத் திரும்பிய ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு பென்ஷன். அவர் வீட்டில் மட்டும் ஆஸ்பிரின் வில்லை இருக்கும், வலி என்று போனால் பாதியாக உடைத்துக் கொடுப்பார். ஜெர்மனியில் 1897இல் செய்து, 1899இல் கடைக்கு வந்த ஆஸ்பிரின் எங்கள் தெருப் பெண்களுக்கு அவர் வழியாகத்தான் கிடைத்தது. பிறகு பிரான்சிலிருந்து லீவுக்கு வரும் உறவினர்கள் பெட்டியில் டோலிப்ரான் கொண்டுவந்தார்கள். வலி அடங்கும், வேலைக்குப் போவார்கள். உள்ளே என்ன நோய் என்று கேட்க ஆள் இல்லை.

1964 எங்கள் வட்டாரத்துக்கு இரண்டு விதத்தில் முக்கியமான வருடம். அந்த ஜூலை 13 அன்று, பழைய மருத்துவப் பள்ளியின் வாரிசாக, கோரிமேட்டில் ஜிப்மர் அந்தப் பெயரோடு எழுந்தது. அதே காலகட்டத்தில் ஒரு புதுக் காய்ச்சல் வந்தது. 1963இல் கல்கத்தாவில் தொடங்கி, 1964இல் சென்னை, வேலூர், புதுச்சேரி என்று பரவிய சிக்கன்குனியா. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விடும், மூட்டு வலி போகாது. 1973இல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் ஒரு முறை தலைகாட்டியதோடு அது அடங்கிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் இந்தியாவில் பெரிதாக இல்லை. மருத்துவம் படித்தவர்களே பாடத்தில் மட்டும் பார்த்த நோயாக அது ஆகிப்போனது.

2005 கடைசியில் திரும்பி வந்தது. 2006இல் இந்தியா முழுக்க ஏறக்குறைய 14 லட்சம் பேருக்கு வந்திருக்கலாம் என்று அரசு கணக்கு. எங்கள் பக்கம் அது வந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முதல் நாள் நடவுக்குப் போன பெண் மறுநாள் காலை பாயிலிருந்து எழ முடியாமல் உருண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி தவழ்ந்து கொல்லைக்குப் போனாள். கணுக்கால் பானை போல வீங்கியது. மணிக்கட்டு மடங்கவில்லை. ஒரே வீட்டில் நான்கு பேர் படுத்த வீடுகள் உண்டு. ஒரு வீட்டில் எழுபதைத் தாண்டிய ஆயா மட்டும் நடமாடி எல்லோருக்கும் கஞ்சி வைத்தாள். "இது புதுசு இல்ல நர்சம்மா. எங்க ஊட்டுக்காரரு இருந்தப்பவே இந்த மாதிரி ஒண்ணு வந்துச்சி. அப்ப நானு இப்பிடித்தான் தவழ்ந்தேன்" என்றாள். ஒரு முறை சிக்கன்குனியா வந்தவர்களுக்கு உடம்பில் எதிர்ப்புச் சக்தி நெடுங்காலம் தங்கும் என்று பிறகு படித்தபோது அந்த ஆயாவைத்தான் நினைத்தேன். அவளுக்கு அன்று வந்தது இதுதானா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தவர் யாருமில்லை. ஆனால் ஒரு ஊரின் நோய் வரலாற்றை அவள் ஞாபகத்தில் வைத்திருந்தாள், எங்கள் ரெஜிஸ்டரில் அது இல்லை.

இதைப் பரப்புகிற ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, சுத்தமான தேங்கிய தண்ணீரில் வளர்வது. சாக்கடைக் கொசுவோடு பழகிய ஊருக்கு இதை நம்பவைப்பது பெரும்பாடு. புதுச்சேரியில் 1975இலேயே கொசு வழிப் பரவும் நோய்களுக்கென்று மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் வந்துவிட்டது. 1980களில் யானைக்கால் நோய்க் கொசுவை ஒழிக்க அவர்கள் நகரத்தில் செய்த வேலை உலக அளவில் பேசப்பட்டது. அந்தப் பழக்கத்தில் மக்கள் சாக்கடையைக் காட்டினார்கள். நாங்கள் ஆட்டுக்கல் குழியையும், தேங்காய்த் தொட்டியையும், மூடாத சின்டெக்ஸ் டேங்கையும் காட்டினோம்.

காய்ச்சல் போன பிறகுதான் உண்மையான பாடு. பெரும்பாலானவர்களுக்கு சில வாரங்களிலோ மாதங்களிலோ வலி விட்டது. ஒரு பகுதியினருக்கு வருடக்கணக்கில் இழுத்தது. காலையில் விரல் மடங்காது, வெயில் ஏற ஏறத்தான் இளகும். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு ஒரு வழக்கம் வந்தது. வலி என்று யார் சொன்னாலும் "காலையில எழுந்ததும் எவ்வளவு நேரம் கை வராம இருக்கு?" என்று கேட்பேன். இந்த ஒரு கேள்வி எனக்குப் பிறகு பல பெண்களின் நோயைக் காட்டிக்கொடுத்தது.

தேய்மானத்தில், அதாவது ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸில், காலை இறுக்கம் அரை மணிக்குள் விட்டுவிடும். வேலை செய்யச் செய்ய வலி கூடும், உட்கார்ந்தால் குறையும். மூட்டு எலும்புகளின் முனையில் இருக்கிற வழவழப்பான குருத்தெலும்பு தேய்ந்து, ஓரத்தில் முள் போல எலும்பு வளர்கிறது. முழங்காலைப் பிடித்து மடக்கினால் உள்ளே நெறநெறவென்று கை உணரும். நின்றால் கால் வில்லாக வளைந்திருக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது அதிகம். கூடவே குந்தி உட்கார்வது, சுமை தூக்குவது, உடல் எடை. எங்கள் பெண்கள் குந்தியே வாழ்ந்தவர்கள். களை எடுக்க, அடுப்பெரிக்க, அருவாமனையில் நறுக்க, பாத்திரம் தேய்க்க, கழிப்பிடத்துக்கு என்று எல்லாமே குந்தித்தான். இதில் தலையில் நெல் மூட்டை, விறகுக் கட்டு. இந்த நோயைத் திருப்ப மருந்து இல்லை. தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி, எடைக் குறைப்பு, உயரமான இருக்கை, மேற்கத்திய கழிப்பறை, தேவைப்பட்டால் வலி மருந்து, முற்றிவிட்டால் முழங்கால் மாற்று அறுவை. நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும்வரை பிடித்து இறக்குகிற பயிற்சியை நான் எத்தனையோ திண்ணைகளில் சொல்லிக்கொடுத்தேன். மாத்திரை கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், பயிற்சி சொன்னால் "வயல்ல செய்யாத பயிற்சியா" என்பார்கள். வயல் வேலை மூட்டைத் தேய்க்கிறது, இந்தப் பயிற்சி மூட்டைத் தாங்கும் தசையை வளர்க்கிறது என்று சொல்லிப் புரியவைக்கப் பொறுமை வேண்டும். அறுவையின் விலை ஏழைக்கு எட்டாத ஒன்றாக இருந்தது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்காலுக்கு உச்ச விலை வைத்து, அதிகம் பயன்படும் வகையை ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேலிருந்து 54,720 ரூபாயாகக் குறைத்தது. நான் மனதாரப் பாராட்டும் உத்தரவு அது.

முடக்குவாதம் வேறு கதை. அங்கே மூட்டு தேய்வதில்லை, உடம்பின் காவல் சக்தியே மூட்டு உறையைப் பகையாக நினைத்துத் தாக்குகிறது. முப்பதிலிருந்து ஐம்பது வயதுப் பெண்களைத்தான் அதிகம் பிடிக்கும். ஆண் ஒருவருக்கு வந்தால் பெண்கள் இரண்டு மூன்று பேருக்கு வரும். கை விரல், மணிக்கட்டு, கால் விரல் அடி, இரண்டு பக்கமும் ஒன்றுபோல. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுக்கம். சோர்வு, ரத்தசோகை. முதல் இரண்டு வருடத்திலேயே எலும்பை அரித்துவிடும்.

வில்லியனூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெண்ணைப் பார்த்தேன், முப்பத்து நான்கு வயது. பிள்ளைக்குப் போலியோ சொட்டு போடப் போயிருந்தேன். ரவிக்கைக் கொக்கியை மாமியார்தான் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். புடவையைப் பிழிய முடியவில்லை, நாற்றுமுடியைப் பிரிக்க விரல் வரவில்லை, அதனால் ஆறு மாதமாக நடவுக்கு யாரும் கூப்பிடவில்லை என்றாள். அவள் கையைப் பிடித்து விரல் முட்டிகளின் வரிசையை இரு பக்கமும் மெதுவாக அழுத்தினேன். "அம்மா" என்று கத்திவிட்டாள். இவ்வளவுக்கும் முகம் மட்டும் பூரித்து வட்டமாக இருந்தது. சதை போட்டிருக்கிறாள் என்று அக்கம்பக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்றரை வருடமாக ஒரு மருந்துக் கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் செட்டு மாத்திரை சாப்பிட்டு வந்தாளாம். பிரித்துப் பார்த்தேன். ஒரு வலி மாத்திரை, ஒரு அல்சர் மாத்திரை, சின்னதாக ஒரு ஸ்டீராய்டு.

அந்தச் சின்ன மாத்திரைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தில் படுக்கையோடு கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அவள் எழுந்து நடந்தாள். உலகமே அதிசயித்தது, 1950இல் நோபல் பரிசும் வந்தது. பிறகுதான் தெரிந்தது, அது நோயை அடக்கிவைக்கிறதே தவிர ஆற்றுவதில்லை என்று. நாள்பட்டால் முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் கையில் அளவோடு இருக்கும்போது அது நல்ல மருந்து. கடைக்காரர் மடித்துக் கொடுக்கும்போது அது விஷம். லேபிள் இல்லாத மூட்டுவலிப் பொடி, சூரணம் என்று விற்கும் சிலவற்றிலும் இதைக் கலக்கிறார்கள். உண்மையான சித்த வைத்தியத்துக்கு அவர்கள் செய்யும் துரோகம் அது.

அந்தப் பெண்ணை ஜிப்மரின் கிளினிக்கல் இம்யூனாலஜி பிரிவுக்கு அனுப்பினோம். ரத்தப் பரிசோதனை முடிந்து மெத்தோட்ரெக்சேட் தொடங்கினார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜையே செயலிழந்து உயிர் போகலாம். அதனால் புதன்கிழமை என்று முடிவு செய்து, அவர்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரில் புதன்கிழமைகளை எல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்தேன். வேறொரு நாள் ஃபோலிக் அமில மாத்திரை. கல்லீரலும் ரத்த அணுக்களும் சரியாக இருக்கின்றனவா என்று இடையிடையே பரிசோதனை. பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லி நிறுத்த வேண்டும். பலன் தெரிய ஒன்றரை இரண்டு மாதம் ஆகும். இந்த இரண்டு மாதம்தான் ஆபத்தான காலம், "ஜிப்மர் மருந்து கேக்கல" என்று பழைய கடைக்கே திரும்பிவிடுவார்கள். இவள் திரும்பவில்லை. அடுத்த நவரைக்கு நடவுக்குப் போனாள். ஆனால் வலது கையில் இரண்டு விரல் கோணியது கோணியதுதான்.

அவளுடைய டப்பாவில் இருந்த இரண்டு மாத்திரைக்கும் பின்னால் ஒரே மனிதர் இருந்தார் என்பதை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தி சொன்னார் என்று கதர் உடுத்தி அறுவைக் கூடத்துக்குப் போனதில் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதில் குறைந்த தகுதிச் சான்றிதழே கிடைத்தது. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்தினார். சகோதரர்களை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர். பிறகு அமெரிக்கா போய், லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையிலான குழு 1940களில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அதே ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கிற அமினோப்டெரினையும் மெத்தோட்ரெக்சேட்டையும் அந்தக் குழுதான் உருவாக்கியது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முதலில் அவை பயன்பட்டன. 1951இல் மூட்டு அழற்சிக்கும் இந்த வகை மருந்து கேட்கிறது என்று கண்டார்கள். மறந்தார்கள். 1985இல் முறையாகச் சோதித்து, 1988இல் அமெரிக்கா முடக்குவாதத்துக்கு அங்கீகரித்தது. சுப்பாராவ் 1948லேயே இறந்துபோயிருந்தார். நம் பாடப் புத்தகத்தில் அவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

கவுட் எங்கள் பக்கம் ஆண்களின் நோயாகத்தான் நான் பார்த்தேன். சாராயம், பீர், அதோடு கறி. நடு ராத்திரியில் கால் கட்டைவிரல் அடி சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூட உயிர் போகும். இதற்குத் தரும் கோல்ச்சிசின் மருந்தை 1820இல் பிரித்தெடுத்தவர்கள் பெல்லத்தியே, கவந்து என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். அதே பொருள் நம் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்று வேலியோரம் படர்கிற அதே கொடிதான், தாராபுரம், மூலனூர் பக்கம் ஏற்றுமதிக்காகப் பயிரே செய்கிறார்கள். கிழங்கைத் தின்றால் சாவுதான். யாரும் அதை அரைத்துக் கைவைத்தியம் பார்க்க வேண்டாம்.

பிள்ளைகளின் மூட்டு வலியை மட்டும் ஒரு நாளும் விட்டுவைக்கக் கூடாது. தொண்டைப் புண் வந்து ஆறிய சில வாரத்தில் ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவுகிற வலியும் காய்ச்சலும் வந்தால் அது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். மூட்டு தானாக ஆறிவிடும், இதய வால்வு கெட்டுப்போகலாம். மூன்று வாரத்துக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி, வருடக்கணக்கில். இடுப்பில் போடும் அந்த ஊசியின் வலிக்குப் பயந்து வைக்கோல்போரில் ஒளிந்துகொண்ட பையன்களைத் தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறேன்.

இப்போது நடவு இயந்திரம் வந்துவிட்டது. வயல்களில் பாதி மனையாகிவிட்டது. நடவாட்கள் நூறு நாள் வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போகிறார்கள். வில்லியனூரிலும் பாகூரிலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன, எங்கள் பக்கத்து இராமநாதபுரம் கிராமத்தில் ஜிப்மரின் கிராமப்புற மையமே இருக்கிறது. 1823இல் இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்த வைத்தியம் இன்று ஷேர் ஆட்டோ தூரத்துக்கு வந்துவிட்டது. இருந்தும் செட்டு மாத்திரைக் கடையில்தான் இன்னும் கூட்டம். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் போகும், கடையில் ஐந்து நிமிடம். கூலியை இழக்க முடியாத பெண்ணின் மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். சீட்டில்லாமல் ஸ்டீராய்டு விற்பதைத் தடுக்க வேண்டியவர்களும், கிராம மையங்களில் வாரம் ஒரு நாளாவது, அதுவும் மாலையில், மூட்டு நோய்க்கென்று மருத்துவரை உட்காரவைக்க வேண்டியவர்களும் அரசில் இருக்கிறார்கள். அவர்களிடம் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் அம்மாவோ, அக்காவோ, மருமகளோ காலையில் எழுந்து ஒரு மணி நேரம் விரலை மடக்க முடியாமல் இருந்தால், அது ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால், வாதம் என்று விட்டுவிடாதீர்கள். எண்ணெய் தேய்த்துக்கொள்ளட்டும், ஒற்றடம் கொடுங்கள். ஆனால் அந்த மாதமே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.